அயர்லாந்தின் நினைவு நாட்கள்

வெள்ளி விழா, பொன்விழா, நூற்றாண்டு விழா என்று எதற்கும் வருஷக் கணக்கு வைத்துக் கொண்டாடுவதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. இந்த விஷயத்தில் நம்மையும் மிஞ்சிய தேசம் ஒன்று உண்டென்றால் அது அயர்லாந்துதான். பரப்பளவில் அந்தத் தீவு தமிழ்நாட்டின் மூன்றில் இரண்டு பங்குதான். முழுத் தீவிலும் சுமார் 70 லட்சம் பேர்தான் வசிக்கிறார்கள். பெங்களூரு நகரின் 2011 ஜனத்தொகையைவிட அது குறைவு. ஆனால் அங்கே ஒவ்வொரு தேதிக்கும் ஒரு சரித்திரம், ஒரு பாட்டு, ஒரு சிலை, அதையொட்டி ஒரு சண்டையும் உண்டு.

2012 முதல் 2023 வரை அயர்லாந்து அரசாங்கம் 'நூற்றாண்டுகளின் தசாப்தம்' என்று ஒரு பெரிய திட்டத்தையே நடத்தியது. 1912 முதல் 1923 வரை நடந்த சம்பவங்களின் நூற்றாண்டுகளை எப்படி அனுஷ்டிப்பது என்று யோசனை சொல்ல, சரித்திரப் பேராசிரியர்கள் அடங்கிய குழு ஒன்றையும் நியமித்தது. விழா கொண்டாடக் குழு எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். அந்த நாட்டின் முக்கியமான நினைவு நாட்கள் சிலவற்றை வரிசையாகப் பார்த்தால் காரணம் விளங்கும்.

1798: பிரபுக்கள் அங்கும் இங்கும்

அயர்லாந்தில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர்கள். நிலமும் அதிகாரமும் ஆங்கில வழிவந்த பிராட்டஸ்டண்டு பிரபுக்களிடம் இருந்தன. வடக்கே ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய பிரஸ்பிடேரியன் பிரிவினர் கணிசமாக இருந்தனர். இந்த மூன்று தரப்பினரையும் 'ஐரிஷ்காரர்' என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவர வேண்டும் என்பதுதான் பிரெஞ்சுப் புரட்சியால் உந்தப்பட்ட 'ஐக்கிய ஐரிஷ்காரர்' சங்கத்தின் கனவு. அதன் முன்னணித் தலைவர் உல்ஃப் டோன் ஒரு பிராட்டஸ்டண்டு வக்கீல் என்பது குறிப்பிடத்தக்கது.

1798 மே மாதம் கிளர்ச்சி வெடித்தது. வெக்ஸ்ஃபோர்டு பகுதியில் ஈட்டி ஏந்திய விவசாயிகள் பீரங்கிகளை எதிர்த்து நின்றார்கள். ஜூன் 21-ம் தேதி வினிகர் ஹில் என்ற குன்றில் தோற்றார்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுப் படை ஒன்று மேற்குக் கரையில் வந்து இறங்கியும் பலனில்லை. பிடிபட்ட டோன் நவம்பரில் சிறையில் உயிர் துறந்தார். அந்த ஒரு கோடைக்காலத்தில் இறந்தவர்கள் குறைந்த மதிப்பீட்டின்படியே பதினாயிரம் பேர். ஸ்கல்லாபோக் என்ற இடத்தில் கிளர்ச்சிக்காரர்கள், பெரும்பாலும் பிராட்டஸ்டண்டுகளான நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகளை ஒரு களஞ்சியத்தில் அடைத்துக் கொன்றதும் இதே கிளர்ச்சியில்தான். அரசாங்கப் படைகளின் கொடுமைகளும் இதற்குக் குறைந்தவை அல்ல.

இந்தக் கிளர்ச்சியை அடக்கிய வைஸ்ராய் யார் தெரியுமா? நாம் பள்ளிப் பாடத்தில் படித்த அதே கார்ன்வாலிஸ் பிரபுதான். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டு திப்புவின் பாதி ராஜ்யத்தை வாங்கியவர். 1793-ல் வங்காளத்தில் சாசுவத நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தவர். அவர் டப்ளினில் கிளர்ச்சியை அடக்கிக் கொண்டிருந்த அதே 1798-ல், அயர்லாந்தில் பிறந்த ரிச்சர்டு வெல்லெஸ்லி கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்றார். மறுவருஷம் மே மாதம் திப்பு வீழ்ந்தார். அயர்லாந்தை அடக்கியவர் இந்தியாவில் பழகிய கை. இந்தியாவை வென்றவர் அயர்லாந்தில் பிறந்தவர்.

1898-ல் இந்தக் கிளர்ச்சியின் நூற்றாண்டு வந்தது. டோனுக்குச் சிலை வைக்க டப்ளினின் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவின் ஒரு மூலையில் பெரிய ஊர்வலத்துடன் அடிக்கல் நாட்டினார்கள். பணம் சேரவில்லை, சிலை எழும்பவில்லை. 1907-ல் அதே மூலையில், தென்னாப்பிரிக்கப் போரில் பிரிட்டனுக்காக இறந்த டப்ளின் சிப்பாய்களுக்கு ஒரு வளைவு எழும்பியது. தேசியவாதிகள் அதற்குத் 'துரோகி வாசல்' என்று பெயர் வைத்தார்கள். டோன் சிலை 1967-ல்தான் அதே பூங்காவின் வேறொரு மூலையில் வந்தது. 1971-ல் எதிர்த்தரப்பினர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள், பிறகு செப்பனிடப்பட்டது. அயர்லாந்தில் சிலை வைப்பது எவ்வளவு சிரமமான காரியம் என்பதற்கு இந்த ஒரு பூங்காவே போதும்.

1845: உருளைக்கிழங்கும் ஒரு மெட்ராஸ் கவர்னரும்

அடுத்த நினைவு நாள் எந்த வீரரையும் பற்றியது அல்ல. 1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் ஒரு நோய் பரவியது. இலைகள் கருகின, கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே அழுகின. ஏழை ஜனங்களுக்கு அதுவே மூன்று வேளை ஆகாரம். அவர்களில் பெரும்பாலோர் பயிரிட்டதும் 'லம்பர்' என்ற ஒரே ரகம். கிழங்கை வெட்டி நட்டே பயிராக்கியதால் நாடு முழுவதும் செடிகள் ஒன்றுக்கொன்று நகல்களாகவே இருந்தன. ஒன்றைத் தாக்கிய நோய் எல்லாவற்றையும் தாக்கியது. ஃபைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்பது அந்தக் கிருமியின் பெயர். பார்வைக்குப் பூஞ்சை போல் இருந்தாலும் அது பூஞ்சை இனம் அல்ல. பழைய தாவர சேகரிப்புகளில் உலர்த்தி வைத்திருந்த இலைகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அந்தப் பஞ்சத்தை உண்டாக்கிய கிருமி வகை எது என்று 2013-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

நோய் இயற்கையின் வேலை. பஞ்சத்தை அப்படிச் சொல்லிவிட முடியாது. ஜனங்கள் பட்டினி கிடந்த வருஷங்களிலும் அயர்லாந்திலிருந்து தானியம் கப்பலேறிக் கொண்டிருந்தது. 1847 கோடையில் அரசாங்கம் கஞ்சித்தொட்டிகள் திறந்து, உச்சகட்டத்தில் ஒரு நாளைக்கு சுமார் 30 லட்சம் பேருக்கு உணவளித்தது. அதாவது முடியாத காரியம் அல்ல என்று நிரூபித்தது. சில மாதங்களில் அவற்றை மூடிவிட்டு, பொறுப்பை உள்ளூர் வரிகளின் தலையில் கட்டியது. சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுப் போனார்கள். 1841-ல் 81.75 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1851-ல் 65.5 லட்சமாகக் குறைந்தது. சமீபத்திய கணக்கெடுப்புகளின்படி குடியரசில் 51.5 லட்சம், வட அயர்லாந்தில் 19 லட்சம். 180 ஆண்டுகள் கழித்தும் 1841-ன் எண்ணிக்கையை அந்தத் தீவு எட்டவில்லை.

நிவாரணச் செலவைக் கையாண்ட லண்டன் கஜானா அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன். அரசாங்கம் அதிகம் உதவினால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்று நம்பியவர். அவர் பெயரை இன்றும் அயர்லாந்தில் கசப்புடன்தான் உச்சரிக்கிறார்கள். இதே ட்ரெவெல்யன் 1859-ல் மெட்ராஸ் கவர்னராக வந்தார். இங்கே அவர் கதை வேறு. மத்திய அரசு கொண்டுவர இருந்த வருமான வரி ஜனங்களுக்குக் கஷ்டம் என்று எதிர்த்தார். அத்துடன் நில்லாமல் தமது ஆட்சேபத்தைப் பத்திரிகைகளில் வெளியிட்டார். 1860-ல் லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. கோப்பில் எழுத வேண்டிய மறுப்பைப் பத்திரிகையில் எழுதினால் என்ன நடக்கும் என்பது அரசாங்க உத்தியோகத்தில் இருந்த நம் அன்பர்கள் பலருக்கும் தெரியும். ஒரே மனிதர் ஒரு நாட்டின் நினைவில் கல்நெஞ்சராகவும், இன்னொரு நாட்டில் ஜனங்களுக்காகப் பேசிப் பதவி இழந்தவராகவும் நிற்கிறார். இரண்டும் உண்மைதான்.

அந்தப் பஞ்சத்துக்கென்று தேசிய நினைவு நாள் 2008 முதல்தான் ஆண்டுதோறும் அரசாங்க அளவில் அனுஷ்டிக்கப்படுகிறது. தோற்றவர்களுக்குக்கூடச் சிலை கிடைத்தது. பட்டினியால் இறந்தவர்களுக்கு ஒரு நாள் கிடைக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1916: தேதியா, பண்டிகையா?

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கட்கிழமை. பேட்ரிக் பியர்ஸ் என்ற பள்ளி ஆசிரியரும், ஜேம்ஸ் கொனலி என்ற தொழிற்சங்கத் தலைவரும், அவர்களுடன் ஆயிரத்துச் சொச்சம் பேரும் டப்ளினின் முக்கியக் கட்டடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய தபாலாபீஸ் வாசலில் நின்று பியர்ஸ் அயர்லாந்துக் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். ஆண், பெண் இரு பாலாரையும் விளித்துச் சம உரிமை வாக்களித்த பிரகடனம் அது. தெருவில் நின்றவர்களில் பலர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆறு நாட்களில் எல்லாம் முடிந்தது. பிரிட்டிஷ் பீரங்கிகள் நகரின் மையப் பகுதியை இடித்தன. 29-ம் தேதி பியர்ஸ் சரணடைந்தார். கிளாஸ்நெவின் மயான ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிப்படி இறந்தவர்கள் 485 பேர். அவர்களில் பாதிக்கு மேல் இந்தச் சண்டையில் சம்பந்தமில்லாத பொதுஜனங்கள். 16 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டும் 40 பேர். கைதான கிளர்ச்சிக்காரர்களை ஊர்ஜனங்கள் வசைபாடினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. ராணுவத்தில் இருந்த கணவன்மார்களின் சம்பளத்தில் குடும்பம் நடத்திய பெண்கள் அவர்களில் உண்டு.

நிலைமையை மாற்றியவர் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் மேக்ஸ்வெல். மே 3 முதல் 12 வரை, நாள் விட்டு நாள் என்பதுபோலப் பதினைந்து பேரைச் சுட்டுக்கொல்ல வைத்தார். ஜோசஃப் பிளங்கெட் சிறைக்குள்ளேயே திருமணம் செய்துகொண்டு சில மணி நேரத்தில் சுடப்பட்டார். காயத்தால் நிற்க முடியாத கொனலியை நாற்காலியில் வைத்துக் கட்டிச் சுட்டார்கள். ஆகஸ்டில் ரோஜர் கேஸ்மெண்ட் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். ஏப்ரலில் வைத ஜனங்கள் மே கடைசியில் அவர்கள் படங்களை வீட்டில் மாட்டினார்கள். 1918 டிசம்பர் தேர்தலில் 105 இடங்களில் 73-ஐ சின் ஃபெய்ன் கட்சி வென்றது.

அயர்லாந்து இந்த எழுச்சியை ஏப்ரல் 24 அன்று நினைவுகூர்வதில்லை. ஈஸ்டர் எந்தத் தேதியில் வருகிறதோ அன்றுதான் அரசாங்க விழா. ஈஸ்டரோ பௌர்ணமியைக் கணக்கிட்டு வருவது. தேதி வேறு, திதி வேறு என்று பழகிய நமக்கு இது எளிதில் புரியும். ஆனால் இதற்குள் ஒரு அர்த்தமும் இருக்கிறது. உயிர்த்தெழும் பண்டிகையோடு ஒரு அரசியல் சம்பவத்தை முடிந்துவிட்டால், இறந்தவர்கள் தியாகிகள் ஆகிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றிக் கேள்வி கேட்பது அபசாரமாகிவிடும்.

அதே வாரம், வேறொரு களம்

டப்ளினில் சண்டை நடந்துகொண்டிருந்த அதே ஏப்ரல் 27-ம் தேதி, பிரான்ஸில் ஹுல்லுக் என்ற கிராமத்தின் அருகே ஜெர்மானியர்கள் விஷவாயுவைத் திறந்துவிட்டார்கள். அங்கே பதுங்குகுழிகளில் இருந்தது பிரிட்டிஷ் ராணுவத்தின் 16-வது ஐரிஷ் டிவிஷன். மூன்று நாட்களில் ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். டப்ளின் எழுச்சியில் இரு தரப்பிலும், பொதுஜனங்களிலும் சேர்ந்து இறந்தவர்களைவிட இது அதிகம். இவர்களும் டப்ளின், கார்க், லிமெரிக் ஊர்க்காரர்கள்தான். பெல்ஜியம் என்ற சின்ன தேசத்துக்காகப் போராடினால் தங்கள் சின்ன தேசத்துக்குச் சுயாட்சி கிடைக்கும் என்று அவர்களுடைய தலைவர்கள் சொன்னதை நம்பிச் சேர்ந்தவர்கள் பலர். வேலையில்லாமல் சேர்ந்தவர்களும் பலர்.

முதல் உலகப்போரில் சுமார் இரண்டு லட்சம் ஐரிஷ்காரர்கள் பிரிட்டிஷ் படைகளில் இருந்தார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் வந்து சேர்ந்தது வேறொரு நாட்டுக்கு. பள்ளிப் புத்தகத்தில் பியர்ஸ் இருந்தார், ஹுல்லுக் இல்லை. மெடல்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய வீடுகள் எத்தனையோ.

டப்ளினில் ஐலண்டுபிரிட்ஜ் என்ற இடத்தில் இவர்களுக்கு ஓர் அழகான நினைவுப் பூங்கா உண்டு. அதை வடிவமைத்தவர் சர் எட்வின் லட்யன்ஸ், நமது புதுதில்லியையும் இந்தியா கேட்டையும் வடிவமைத்த அதே லட்யன்ஸ். 1930-களில் கட்டியபோது வேலையாட்களில் பாதிப்பேர் பிரிட்டிஷ் ராணுவத்திலும், பாதிப்பேர் ஐரிஷ் ராணுவத்திலும் இருந்து ஓய்வுபெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. நல்ல யோசனைதான். ஆனால் 1939-ல் நடக்க வேண்டிய திறப்பு விழா தள்ளிப்போயிற்று. பிறகு பூங்கா புதர் மண்டிக் கிடந்தது. செப்பனிட்டு முறையாகத் திறந்தது 1988-ல். திறப்பு விழாவுக்கு அரை நூற்றாண்டு காத்திருந்த நினைவுச் சின்னம் அது.

பஞ்சாபில் மூன்று ஐரிஷ்காரர்கள்

இந்தியாவில் அயர்லாந்தின் நினைவு நாட்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. 1919 ஏப்ரல் 13 ஜாலியன்வாலாபாக் சமயத்தில் பஞ்சாப் லெஃப்டினண்ட் கவர்னராக இருந்து, டையரின் செயலை ஆதரித்த மைக்கேல் ஓ'ட்வையர் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்துக்காரர். ஜெனரல் டையரும் அயர்லாந்தில் கார்க் அருகே மிடில்டன் பள்ளியில் படித்தவர்.

அடுத்த ஆண்டு 1920 ஜூன் 28 அன்று ஜலந்தரில் கானாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் ரெஜிமெண்டின் சிப்பாய்கள் ஆயுதம் எடுக்க மறுத்தார்கள். சொந்த ஊரில் பிரிட்டிஷ் படைகள் செய்யும் அட்டூழியங்களைக் கேள்விப்பட்ட பிறகு, இங்கே அதே அரசாங்கத்துக்குச் சேவகம் செய்ய மாட்டோம் என்றார்கள். கலகம் சோலன் முகாமுக்கும் பரவியது. பலருக்கு விதித்த மரண தண்டனை குறைக்கப்பட்டது, ஒருவருக்கு மட்டும் குறைக்கப்படவில்லை. ஜேம்ஸ் டேலி, வயது 20. நவம்பர் 2 அன்று, இன்றைய ஹிமாசலப் பிரதேசத்தில் உள்ள தக்‌ஷாயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடலை அயர்லாந்து 1970-ல்தான் தன் ஊருக்குக் கொண்டுபோயிற்று. சண்டிகர், தில்லி அங்கத்தினர்கள் சிம்லா பக்கம் போகும்போது தக்‌ஷாய் சிறையைப் பார்க்கலாம், இப்போது அது மியூசியம்.

ஓ'ட்வையரும் ஐரிஷ்காரர், டேலியும் ஐரிஷ்காரர். அயர்லாந்து டேலியை நினைக்கிறது. நாமும் அப்படித்தான் நினைப்போம். ஆனால் சாம்ராஜ்யத்தால் நசுக்கப்பட்ட நாடு அதே சாம்ராஜ்யத்துக்கு ஆள் அனுப்பிய நாடாகவும் இருந்தது என்ற உண்மையை ஓ'ட்வையரை விட்டுவிட்டால் சொல்ல முடியாது.

நல்ல உறவுகளும் உண்டு. பின்னாளில் நமது ராஷ்டிரபதியான வி.வி. கிரி 1913-ல் சட்டம் படிக்க டப்ளின் சென்றார். அவர் பயின்ற யூனிவர்சிட்டி காலேஜில் ஆங்கிலம் கற்பித்த தாமஸ் மெக்டோனா, 1916 பிரகடனத்தில் கையெழுத்திட்டுச் சுடப்பட்ட எழுவரில் ஒருவர். எழுச்சிக்குப் பின் கிரி நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அயர்லாந்தில் பெண்களின் ஓட்டுரிமைக்காகச் சிறை சென்ற மார்கரெட் கசின்ஸ் 1915-ல் இந்தியா வந்து, அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1919-ல் மதனப்பள்ளியில் தாகூரின் ஜன கண மன பாடலுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதியவர் அவர்தான். நமது அரசியல் சாசனத்தின் வழிகாட்டு நெறிகள் 1937-ம் வருஷத்திய ஐரிஷ் சாசனத்தைப் பார்த்து அமைந்தவை.

இலக்கியமும் விஞ்ஞானமும்

கவி யேட்ஸ் 1865 ஜூன் 13-ல் பிறந்தவர். 1912-ல் கீதாஞ்சலிக்கு முன்னுரை எழுதியவர் என்றும், 1937-ல் ஸ்ரீபுரோகித ஸ்வாமியுடன் சேர்ந்து பத்து உபநிஷத்துகளை ஆங்கிலத்தில் தந்தவர் என்றும் நமக்கு அறிமுகமானவர். அவருடைய அபே தியேட்டரில் 1913-ல் ஒரே மாலையில் தாகூரின் 'தபாலாபீஸ்' நாடகமும் பியர்ஸ் எழுதிய ஒரு நாடகமும் நடந்தன. பியர்ஸின் பள்ளிக்கு நிதி திரட்டுவதற்காக. மூன்று வருஷத்தில் பியர்ஸ் நிஜமான தபாலாபீஸில் நின்றார்.

எழுச்சியின் பத்தாவது ஆண்டான 1926-ல் அதே தியேட்டரில் ஷான் ஓ'கேசியின் 'கலப்பையும் நட்சத்திரங்களும்' நாடகம் அரங்கேறியது. ஓ'கேசி டப்ளினின் ஏழைத் தெருக்களில் வளர்ந்தவர். புரட்சி நடந்த வாரத்தில் அந்தத் தெரு ஜனங்கள் எப்படிப் பயந்தார்கள், கடைகளைக் கொள்ளையடித்தார்கள், இறந்தார்கள் என்று காட்டினார். சபையில் ரகளை. எதிர்த்தவர்களில் இறந்தவர்களின் குடும்பத்துப் பெண்மணிகளும் இருந்தார்கள். அவர்கள் வேதனையை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆனால் இறந்த பொதுஜனங்களுக்காக அன்று பேசியது அந்த ஒரு நாடகம்தான். ஓ'கேசி அந்த ஆண்டே லண்டன் போய்விட்டார். ஜேம்ஸ் ஜாய்ஸ் அதற்கு முன்பே நாட்டைவிட்டுப் போனவர். அவருடைய 'யுலிஸிஸ்' நாவல் முழுவதும் 1904 ஜூன் 16 என்ற ஒரே நாளில் டப்ளினில் நடப்பது. இன்று அந்தத் தேதியை டப்ளின் 'புளூம்ஸ் டே' என்று கொண்டாடுகிறது. அவர் உடல் இன்னும் சூரிச்சில்தான் இருக்கிறது.

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த ஐரிஷ் நினைவு நாள் அக்டோபர் 16. 1843-ல் அன்று வில்லியம் ரோவன் ஹாமில்டன் மனைவியுடன் டப்ளின் ராயல் கால்வாய்க் கரையில் நடந்துபோகும்போது, பல வருஷமாகத் தேடிய விடை ப்ரூம் பாலத்தருகே அவருக்குத் தோன்றியது. ஐ, ஜே, கே என்ற மூன்று எண்கள். ஒவ்வொன்றின் வர்க்கமும் மைனஸ் 1, மூன்றையும் வரிசையாகப் பெருக்கினாலும் மைனஸ் 1. பேனாக்கத்தியை எடுத்துப் பாலத்தின் கல்லிலேயே அதைக் கீறினார். குவாட்டர்னியன் என்ற இந்த எண்களில் பெருக்கும் வரிசையை மாற்றினால் விடையின் குறி மாறிவிடும். முப்பரிமாணத்தில் ஒரு பொருளைத் திருப்புவதைக் கணக்கிட அது வசதி. அதனால்தான் இன்றைய விண்கலங்களின் கட்டுப்பாட்டிலும் கம்ப்யூட்டர் சித்திரங்களிலும் அது பயன்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் அன்று கணிதப் பிரியர்கள் டன்ஸிங்க் வானாராய்ச்சி நிலையத்திலிருந்து அந்தப் பாலம் வரை நடக்கிறார்கள்.

பாலத்தில் ஞாபகார்த்தக் கல்வெட்டை 1958-ல் திறந்தவர் பிரதமர் டி வலேரா. 1916-ல் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கி மரண தண்டனையிலிருந்து தப்பியவர், தொழிலால் கணித ஆசிரியர். பிரிட்டிஷ் ராஜ்யத்தில் திருப்தியாக வாழ்ந்த ஹாமில்டனை அவர் நம்மவர் என்று ஏற்றுக்கொண்டதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. விஞ்ஞானிகள் விஷயத்தில் தேசங்கள் சற்றுத் தாராளமாகவே இருக்கின்றன.

1922: எரிந்த காகிதங்கள்

1921 டிசம்பரில் பிரிட்டனுடன் உடன்படிக்கை. 26 மாவட்டங்களுக்குச் சுயாட்சி, வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனுடன். 1922 ஜனவரியில் டப்ளின் பார்லிமெண்ட் 64-க்கு 57 என்ற வாக்கில் இதை ஏற்றது. நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர்கள் ஒருவரையொருவர் சுட்டார்கள். உடன்படிக்கையில் கையெழுத்திட்ட மைக்கேல் காலின்ஸ் ஆகஸ்டில் பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டார். புதிய அரசாங்கம் எழுபதுக்கும் மேற்பட்ட சொந்த நாட்டவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. மேக்ஸ்வெல் கொன்றதைவிடப் பல மடங்கு. இந்த உள்நாட்டுப் போரைப் பற்றி வீடுகளில் இரண்டு தலைமுறை பேசவே இல்லை. இதற்கு விழா எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அந்தப் போரின் தொடக்கத்தில், ஜூன் 30-ம் தேதி, ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. ஏழு நூற்றாண்டுகளின் ஆவணங்கள். உயில்கள், வரிக்கணக்குகள், நிலப் பதிவுகள், 1821 முதல் 1851 வரையிலான ஜனத்தொகைக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி. கருகிய காகிதங்கள் நகரெங்கும் பறந்து விழுந்தன. வாழ்நாள் முழுவதும் கோப்புகளோடு கழித்த எனக்கு, இந்தச் சரித்திரத்தில் மனதை மிகவும் சங்கடப்படுத்தும் பக்கம் இதுதான். பஞ்சத்தில் இறந்த பத்து லட்சம் பேரில் பலருடைய பெயர் உலகத்தில் எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அந்தக் கணக்கெடுப்புத் தாள்கள்தான்.

இதன் நூற்றாண்டை அயர்லாந்து அனுஷ்டித்த விதம் பாராட்டத்தக்கது. சிலை வைக்கவில்லை, ஊர்வலம் விடவில்லை. டப்ளின் டிரினிடி கல்லூரியின் தலைமையில், பல நாடுகளின் காப்பகங்களில் கிடந்த நகல்களையும் குறிப்புகளையும் தேடிச் சேர்த்து, எரிந்த காப்பகத்தைக் கம்ப்யூட்டரில் மறுபடி கட்டினார்கள். 2022 ஜூனில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

ஒரு சுவரின் கதை

1966-ல் எழுச்சியின் பொன்விழா ஆடம்பரமாக நடந்தது. சில ஆண்டுகளில் வட அயர்லாந்தில் ரத்தக்களரி தொடங்கியது. முப்பது ஆண்டுகளில் 3,500-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். துப்பாக்கி ஏந்திய இளைஞர்கள் 1916-ன் பெயரைச் சொல்லியே சுட்டதால் டப்ளின் அரசாங்கம் தன் விழாவுக்கே பயந்தது. ஈஸ்டர் ராணுவ அணிவகுப்பு 1970-களின் தொடக்கத்தில் நின்றது. 1991-ல் 75-வது ஆண்டு சத்தமில்லாமல் போயிற்று. 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று சமாதான உடன்படிக்கை ஏற்பட்ட பிறகே மூச்சு வந்தது. 2006-ல் அணிவகுப்பு திரும்பியது. 2011 மே மாதம் எலிசபெத் ராணி டப்ளின் வந்தார். 1911-ல், தில்லி தர்பாருக்கு வந்த அதே ஆண்டில், ஐந்தாம் ஜார்ஜ் டப்ளின் போனதற்குப் பிறகு அங்கு வந்த முதல் பிரிட்டிஷ் மன்னர் அவர்தான். முதல் நாள், கிளர்ச்சிக்காரர்களின் நினைவுப் பூங்காவில் தலை வணங்கினார். மறுநாள் லட்யன்ஸின் ஐலண்டுபிரிட்ஜில் மலர்வளையம் வைத்தார்.

2016 நூற்றாண்டில் கிளாஸ்நெவின் மயானத்தில் ஒரு கருங்கல் சுவர் எழுப்பினார்கள். எழுச்சியில் இறந்த எல்லோருடைய பெயர்களும் அதில் இருந்தன. புரட்சிக்காரர், பொதுஜனம், போலீஸ், பிரிட்டிஷ் சிப்பாய் என்ற பாகுபாடு கிடையாது. இறந்த நாள் வரிசை மட்டுமே. 40 குழந்தைகளும் அதில் இருந்தார்கள். தியாகிகளையும் அவர்களைக் கொன்றவர்களையும் ஒரே கல்லில் எழுதுவதா என்று பலர் கொதித்தார்கள். 2017-ல் சுவர் மீது சாயம் வீசப்பட்டது. 2020-ல் சம்மட்டியால் பெயர்களைச் சிதைத்தார்கள். 2022-ல் மயான நிர்வாகம் அந்தச் சுவரைத் தொடர்வதில்லை என்று முடிவு செய்தது. 2020 ஜனவரியில், பழைய போலீஸ் படையில் இறந்தவர்களை நினைவுகூர அரசாங்கம் ஏற்பாடு செய்த நிகழ்ச்சியும் பலத்த எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. பத்து வருஷத் திட்டமும் பேராசிரியர் குழுவும் இருந்தும் இந்த அளவுதான் முடிந்தது.

எதிர்த்தவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விடுதலைக்காக உயிர் கொடுத்தவரையும் சம்பளத்துக்காகச் சுட்டவரையும் சமமாக மதிப்பது வேறு, இருவரும் இறந்தார்கள் என்று பதிவு செய்வது வேறு. முதலாவதை யாரும் யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. இரண்டாவது சரித்திரத்தின் குறைந்தபட்சக் கடமை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அந்த நாற்பது குழந்தைகள் எந்தப் பக்கமும் சேராதவர்கள். எல்லோருடைய பெயரையும் எழுதிய அந்தக் கல்லில்தான் அவர்களுக்கும் ஓர் இடம் கிடைத்தது. சுவரோடு அவர்கள் இடமும் போயிற்று.

நம் நாட்டிலும் வரும் ஆண்டுகளில் எத்தனையோ நூற்றாண்டுகள் வர இருக்கின்றன. அழைப்பிதழ் கைக்கு வரும்போது, யார் யார் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பதோடு, யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்றும் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்ப்போம்.